வெயில் பத்தாத விருத்தாம்பாள்

விருத்தாம்பாளுக்கு உடம்பில் வெயில் பத்தவில்லை என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு மரக்காணம் உப்பளமே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாத்தியில் உப்பு வாரிச் சுமக்கிறவள் அவள். ஆனால் உப்பளத்து வெயில் தோலை உரித்துவிடும். அதனால் புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலைக்கும் முகத்துக்கும் துண்டு என்று கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டுதான் அங்கே பெண்கள் வேலை செய்வார்கள். வெயில் பாவம், எந்தப் பக்கமாக நுழையும்?

மாசி மாதம் வரப்பில் வழுக்கி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், ஊன்றிய வலது மணிக்கட்டு மளுக்கென்று போய்விட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிந்து போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வாரம் ஒரு மாத்திரை வெறும் வயிற்றில், போட்ட பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முள்ளோடு நெத்திலி. தினமும் கொஞ்ச நேரம் கையைத் திறந்து வெயிலில் நிற்க வேண்டும்.

"உப்பையும் கொறைச்சிக்கங்க."

"அத எங்க மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் விருத்தாம்பாள்.

மாத்திரையும் கூழும் அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கும்மிதான் கவலை. வருஷா வருஷம் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவள் அவள். மருமகள் சங்கீதாவோ கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருசம் சேர்ல ஒக்காந்து பாருங்க அத்த. இன்னொரு வாட்டி விழுந்தா இடுப்பு போயிடும்."

அக்கறையில்தான் சொன்னாள். ஆனாலும் விருத்தாம்பாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கும்மியை உட்கார்ந்து பார்ப்பதா?

ஆடி பிறந்ததும் சங்கீதாவோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொன்னார், கை தட்டச் சொன்னார். தட்டிய தட்டில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கும்மி அடிக்கலாமாம்மா?"

"தாராளமா அடிங்க, எலும்புக்கு நல்லதுதான். கீழ விழாம மட்டும் பாத்துக்கங்க."

"அத நான் பாத்துக்கறேன்," என்றாள் சங்கீதா.

அப்படித்தான், பிறந்ததிலிருந்து கும்மி அடித்தறியாத சங்கீதா கோயில் வாசலில் மாமியார் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் மாமியாரின் காலிலேயே இருந்தது. மூன்றாவது சுற்றில் தன் புடவை நுனியைத் தானே மிதித்துச் சாய்ந்தாள். உடைந்து தேறிய அதே வலது கை சட்டென்று அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது.

"நாளையிலேர்ந்து நீயும் கூழ் குடி கண்ணு," என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் அடுத்த அடியைப் பாடினாள்.