அடக்கமாக இருமியவள்

என் அக்காவுக்கு மூன்று முறை சளிப் பரிசோதனை செய்தார்கள். மூன்று முறையும் கிருமி இல்லை என்றே வந்தது. பின்னே எப்படி வரும்? அவள் டப்பியில் கொடுத்தது சளியே இல்லை, வெறும் எச்சில். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. அக்கா மராத்தி பேசும் ஊரான ஏரவாடாவில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு அறை வீடு, பக்கத்து வீட்டுத் தும்மல்கூட இங்கே கேட்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்துத் துப்ப வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் டப்பியைக் கொடுத்திருந்தார்கள். அவள் டப்பியோடு குளியலறைக்குப் போனால், மாமியார் பின்னாலேயே வந்து நிற்பாள்.

"சீ, என்னா பழக்கம் இது? பொம்பள காறித் துப்பலாமா? பக்கத்து வீட்டுல என்னான்னு நினைப்பாங்க?"

நல்ல மருமகள் என்ன செய்வாள்? பல் துலக்கி, வாயைக் கொப்பளித்து, சத்தமே வராமல் எச்சிலைச் சேர்த்து டப்பியில் விட்டு மூடினாள். பெரிய அடக்கம்!

காய்ச்சல் நிற்கவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. மாமியார் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மகானுபாவர் எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி என்றார். அதுவரை சரி. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா? மாத்திரை எழுதினார். காய்ச்சல் கேட்கவில்லை. குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல ஒன்றைக் கூட்டினார், அப்புறம் இன்னொன்று. கிருமி ஒவ்வொரு மருந்துக்கும் பழகிக்கொண்டது. நன்றாக இருக்கட்டும் அவர்!

நான் பார்க்கப் போயிருந்த அன்று அக்கா ரத்தம் கக்கினாள். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாமியாரும் தொற்றிக்கொண்டாள். லேபில் இருந்த மராத்திக்காரப் பெண், அக்கா கொடுத்த டப்பியைப் பார்த்துவிட்டு, இது வெறும் எச்சில் என்று திருப்பித் தந்தாள். "தாயீ, ஜோராத்!" என்று, பலமாக இருமச் சொல்லித் தானே இருமியும் காட்டினாள்.

அக்கா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். உயிர் போகிற நேரத்திலும்!

"அத்தைய என்னாக்கா பாக்கற? காறித் துப்புக்கா!" என்று கத்தினேன்.

வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி காறித் துப்பினாள்.

அந்தச் சளியில் கிருமியை வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தையும் போட்டுப் பார்க்க வாரக்கணக்கில் ஆயிற்று. முக்கியமான இரண்டு மருந்தும் வேலை செய்யாது என்று தெரிந்தது. மிச்சமிருந்த வழியில் தினமும் ஊசி உண்டு. அது காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். உயிரா காதா என்று கேட்டால் நாங்கள் எதைச் சொல்வது?

அக்கா பிழைத்தாள். வைத்தியமெல்லாம் முடிந்து ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வந்திருந்த விருந்தாளியிடம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆஸ்பத்திரிக்காரன் ஊசி போட்டே எங்க பொண்ணக் கெடுத்துட்டான்."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் வாய்க்கு வந்தபடி கொட்டினேன். தெருவே வாசலில் கூடிவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரைடி இப்படித் திட்டற?" என்று கேட்டாள்.