மாமா மாற்றிக்கொண்டு வந்த மிக்ஸி

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவது பாவம். அம்மாவின் தம்பி தி. நகரில் அவளுக்கு ஒரு மிக்ஸி வாங்கி வந்தபோதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஓட்டக்கூடாது என்று, அம்மா புது மிக்ஸிக்குக் குங்குமம் வைத்து, துண்டு போர்த்தி, சாமி படத்தின் கீழே உட்கார வைத்தாள். காலிப் பெட்டியில் பழைய மிக்ஸியைப் போட்டு, டேப் ஒட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

மாமாவுக்கு இது தெரியாது. இட்லி மாவுக்கு அந்த மோட்டார் தாங்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்காவை அசத்துகிறேன் பார் என்று என்னிடம் கண்ணடித்துவிட்டு, அவள் இல்லாத நேரத்தில் பரணிலிருந்த பெட்டியை இறக்கிக்கொண்டு கிளம்பினார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடையில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெரிய மிக்ஸியோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

அம்மா துண்டை விலக்கிக் காட்டினாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரித்து நல்லவர் என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

"பழச குடுத்து புச்ச ஆட்டைய போட்டுட்டான்னு கேஸ் குடுத்தா இன்னாக்கா பண்றது? பில்லுல என் பேரு கீது. கேமரா வேற." போனை அணைத்துவிட்டு, யார் கேட்டாலும் தான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். மாடி வீட்டு அண்ணன் இது நானூற்று இருபது கேஸ் என்றான். நானூற்று இருபது வருஷம் ஜெயில் என்று எடுத்துக்கொண்டு நான் அழுதேன்.

"பொத்திகினு குந்தினா திருட்டுப் பட்டந்தான் கட்டுவாங்க. நீ இங்கயே கெட, நான் போய்ட்டு வரேன்" என்றாள் அம்மா. குங்குமம் வைத்த மிக்ஸியைப் பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மயிலாப்பூரில் பஸ் ஏறினாள். இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

பெட்டி மாறிப்போனதை அவள் சொன்னதும், கடை சூப்பர்வைசர் பின்னால் குவிந்திருந்ததில் தேடி எங்கள் பெட்டியைப் பிரித்தார். மஞ்சள் கறையும் ஒட்டுப்போட்ட வயருமாக எங்கள் கிழட்டு மிக்ஸி வெளியே வந்தது. அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத எடுத்துட்டு வந்த ஆளு எங்கம்மா?"

"அது என் தம்பி சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இதான் புச்சுன்னு எறக்கிக் குடுத்ததே நான்தான். கேஸு எழுதணும்னா எம் பேர எழுதிக்க சார். புச்சு இதோ கீது, ஓட்டவே இல்ல, குங்குமத்த பாரு."

அவர் குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதியதை வாங்கிக்கொண்டு, பழையதைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அம்மாவின் கையை உதறினேன். மாமா தானாக இறக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அம்மா அப்போது வீட்டிலேயே இல்லை. பொய் சொன்னதற்காக என்னை விளாசுகிறவள், அத்தனை பேர் முன்னால் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். இனி என்னை அடிக்க இவளுக்கு என்ன யோக்கியதை என்று பஸ்ஸில் முறைத்துக்கொண்டே வந்தேன். பழைய மிக்ஸியை மடியில் பிடித்திருந்த அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பொய் சொன்னால் அப்படித்தான் நடுங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.