முகாம் அதிகாரி ஒப்பமிட்ட உறுதி

கடல் ஊருக்குள் வந்த அன்று மாங்கேணியில் என் தங்கையின் புருசனைக் கொண்டுபோயிற்று. வீட்டுக் காணிப் பத்திரமான உறுதியும் அதோடு போயிற்று. அண்ணன் வெளிநாட்டில். அதன்பின் அப்பாவைப் பார்த்தது தங்கைதான். வளவை அவள் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மட்டக்களப்பு டவுனில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதிகள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "செய்யலாம் அப்பா" என்று நாளைக் கடத்தினேன்.

மறுபடி சண்டை மூண்டபோது நான் லீவில் ஊரில் நின்றேன். ஷெல்லுக்குத் தப்பிக் காட்டுவழியாய் நடந்து, கடைசியில் வாவிக்கரையில் ஒரு முகாமில் மூவரும் அடைபட்டோம். நாங்கள் வெளியே போக முடியாது. நொத்தாரிசு உள்ளே வர முடியாது. வயிற்றோட்டம் பிடித்து அப்பாவால் எழும்ப ஏலவில்லை.

"அந்தப் பெரிய ஆமிக்காரரிட்டக் கேள் மகள். அவர் ஒப்பம் வச்சா ஆர் மறுக்கிற?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவர் ஒப்பம்தான், பிணம் புதைக்கவும் அவர் ஒப்பம்தான். அப்பா நம்பியதில் வியப்பில்லை. ஆனால் காணிக்கு அது செல்லாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வளவைத் தங்கைக்குக் கொடுப்பதாகக் கொப்பித் தாளில் எழுதினேன். அதிகாரி எங்கள் கூடாரத்துக்கே வந்தார். அப்பாவின் பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தோம்.

"நான் லோயர் இல்ல. இது சரிவருமா?" என்று தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும் சேர்" என்றேன்.

ஒப்பமிட்டு முத்திரை குத்தினார். மூன்றாம் நாள் அப்பா செத்துப்போனார். தங்கை அந்தத் தாளைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டாள். அது செல்லாது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

போர் முடிந்ததும் கடற்கரைக் காணிகளுக்குக் கிராக்கி வந்தது. அண்ணன் தன் பங்கைக் கேட்டார். தங்கை தாளை எடுத்து நீட்டினாள். ஏதாவது வழியிருக்காதா என்று அதை என் பழைய நொத்தாரிசிடம் கொண்டுபோனேன்.

"ஆமிக்காரருக்கு இதில என்ன அதிகாரம் கிடக்கு புள்ள?" என்றார். மறுபடி தாளைப் பார்த்தார். "இதை மரணசாதனமா, அப்பாட கடைசி விருப்பமா எழுதி, அஞ்சு பேரைச் சாட்சி வச்சிருந்தாக் காணுமே. நொத்தாரிசே தேவையில்ல."

கந்தோரில் நான் தட்டிய மரணசாதனங்கள் எல்லாம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டவை. வேறு வழி உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூடாரத்துக்கு வெளியே தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கூப்பிட்டிருந்தால் ஐம்பது பேர் வந்திருப்பார்கள்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செல்லாதெண்டு தெரிஞ்சுதானா எழுதின நீ?"

"அப்பா நிம்மதியாப் போகட்டும் எண்டுதான்."

"அவர் போயிட்டார். நான் இருந்தனே அக்கா. எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

கிணறும் வீட்டு அத்திவாரமும் இருந்த பக்கத்தை அண்ணன் தன் பங்காக எடுத்து விற்றார். என் பங்கை ஒழுங்கான உறுதியாகவே தங்கைக்கு எழுதினேன். வந்தாள், ஒப்பம் வைத்தாள், என்னோடு பேசாமல் பஸ் ஏறினாள். மிச்சமிருந்த வெறும் மணலில் அவள் குடியேறவில்லை. வவுணதீவுப் பக்கம் யாருடையதோ வயல் வட்டையில் கூலிக்குக் களை பிடுங்குகிறாள் என்று கேள்விப்படுகிறேன். நான் போன் எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது.