கம்பெனியிலும் இதே வெக்கைதான்

ஓசூரில் வெயிலா என்று ஊத்தங்கரையில் இருக்கும் என் அண்ணி இன்றைக்கும் சிரிப்பாள். ஒரு சித்திரை மத்தியானம் எங்கள் லைன் வீட்டில் வந்து படுத்துப் பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும். ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். பதினோரு மணிக்கு மேல் ஃபேன் அனலைத்தான் அள்ளிக் கொட்டும்.

என் கணவருக்கு வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட். எனக்குப் பகல் ஷிப்ட். மகள் பிறந்ததிலிருந்து, அவளோடு யாராவது ஒருத்தர் இருக்க வேண்டுமே என்று நாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு. காலையில் அவர் உள்ளே வருவார், நான் வெளியே போவேன். அவர் தூங்க வேண்டிய நேரமெல்லாம் அந்த ஷீட்டுக்கு அடியில்தான் கழியும்.

நான் வேலை செய்யும் இடத்திலோ, பசுமைக் கட்டடம் என்று வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், மொட்டை மாடி முழுக்க வெயிலைத் தடுக்கும் வெள்ளை கூலிங் டைல்ஸ், வடக்கு பார்த்த பெரிய ஜன்னல்கள், சுற்றிலும் மரங்கள். ஏ.சி. இல்லாமலே சிலுசிலுவென்று இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பினால், கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் கேட்பார்.

"அங்க எப்டி இருக்குது?"

"அங்கியும் இதே வெக்கதாங்க."

வேறென்ன சொல்வது? உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடம் இதையே சொன்னேன்.

போன வருடம் கம்பெனியில் ஃபேமிலி டே வந்தது. போக வேண்டாமென்று மழுப்பிப் பார்த்தேன். "பாப்பாவுக்கு பலூன் குடுப்பாங்களாமே" என்று அவரே கிளம்பிவிட்டார். உள்ளே கால் வைத்ததும் அவர் நடை தயங்கியது. மேடையில் பாட்டுப் போட்டி காதைக் கிழித்தது. அந்தச் சத்தத்திலேயே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் மடியில் மகளும் தூங்கினாள். இருவர் முகத்திலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

மியூசிக்கல் சேருக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு தூக்கத்தை எங்கள் வீட்டில் நான் கண்டதே இல்லை. இந்தச் சுவரும் இந்தக் கூரையும் ஓர் அறை அளவுக்கு எங்களுக்கு வாய்த்தால் போதுமே என்று மனசு கிடந்து ஏங்கியது. ஆத்திரமும் வந்தது. மெஷினுக்கு இவ்வளவு பார்த்துக் கட்டத் தெரிகிறது, மெஷின் ஓட்டுகிறவன் படுக்க மட்டும் ஷீட்டா?

ஐந்து மணிக்கு செக்யூரிட்டி வந்து, "கெளம்புங்கம்மா, கேட்டு சாத்தணும்" என்றார்.

"பத்து நிமிஷம்ணா" என்று கெஞ்சினேன். அதை அரை மணி நேரமாக இழுத்தேன். அதற்குமேல் முடியாமல்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

கண் விழித்தவர் வெகுநேரம் கூரையையே பார்த்தார்.

"இத்தன நாளும் நீ இங்கயா இருந்த?"

திட்டட்டும் என்று தலை குனிந்து நின்றேன்.

"நல்லவேள" என்றார். "நீயும் அங்க வெந்துகிட்டு கெடக்கறயேன்னு நெனச்சி நெனச்சி, பாதி நாளு எனக்கு தூக்கமே வர்றதில்ல."