பிள்ளை வயிற்றிலிருந்தபோது வலிக்கவில்லை

முதல் பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே சந்திரமதிக்கு மூட்டுவலி கண்டது. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. காலையில் வெந்நீரில் கையை ஊற வைத்தால்தான் சேலைக் கொசுவத்தையே பிடிக்க முடியும். தைலம், களிம்பு, ஆஸ்பிரின் எல்லாம் பார்த்தாயிற்று. காஜா பெராங் பகுதியில் அவர்கள் குடியிருந்த பலகை வீட்டுக்குள் எண்ணெய் வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கணவன் கலியாணசுந்தரம் பஸ் ஓட்டப் போகுமுன் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவான். வெட்கமெல்லாம் தீர்ந்து, அவளுக்கு அலுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது வலி தானாகவே ஓடிப்போனது. துணி துவைத்தாள். ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலுக்கு நடந்தே போய்வந்தாள். பெற்றெடுத்ததும் பழையபடி வந்துவிட்டது. மூன்றாவதிலும் அதே கதை.

மாமியார் தெய்வானை இதைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொண்ணு பெத்துக்கயேன்மா. அந்தப் பத்து மாசமாவது நல்லா இருப்பே.”

“அப்புறம் அதை யாரு அத்தே தூக்குறது?”

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு முந்தின வருஷம், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நல்லையாவிடம் இதைச் சொன்னாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிள்ளை வயித்தில இருக்கேக்க நோ இல்லையோ?”

“சத்தியமா இல்லீங்க ஐயா.”

“அமெரிக்காவில ஒரு டாக்டரும் இதைத்தான் கவனிச்சவர். அதைத் தேடப்போய்த்தான் ஒரு மருந்து கிடைச்சது. உடம்பு தன்னைத்தானே தாக்குது எண்டு இப்ப சிலர் சொல்லுகினம். இந்த மருந்து அதை அடக்கி வைக்கும்.”

தன் பேச்சை ஒருவர் நம்பியதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சின்ன வெள்ளை மாத்திரை. அந்த வாரமே வீக்கம் வடிந்தது. கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இறக்கவே மனமில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பிறகு முகம் உப்பியது. வயிறு எரிந்தது, தூக்கம் போனது. பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தவர்கள், “நாலாவதா?” என்று கேட்டார்கள்.

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார். குறையக் குறைய வலி எட்டிப் பார்த்தது.

“மூஞ்சி எப்படிப் போனா என்னாங்க ஐயா? எனக்குக் கை வேணும்.”

“எலும்பு கெட்டுப்போம் அம்மா. ஆனா ஒரேயடியா நிப்பாட்டவும் கூடாது. இதைவிட நல்ல மருந்து வரும். எப்ப எண்டு எனக்குத் தெரியாது.”

அரை மாத்திரையில் வந்து நின்றது. காலையில் விரல்கள் விறைத்தன, மதியத்துக்குள் இளகின. சட்டியைத் தூக்க முடிந்தது, துணியைப் பிழிய முடியவில்லை. இவ்வளவுதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். நாலாவது பிள்ளையைப் பற்றித் தெய்வானையும் பேச்செடுப்பதில்லை.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பியது.

“பஸ்ஸிலயே போயிரலாம், வா,” என்றான் கலியாணசுந்தரம்.

“நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. அத்தையும் வரட்டும்.”

எல்லாரும் போனபின் சந்திரமதி கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் பாயை விரித்து, யாரும் கூப்பிடாத அந்த வீட்டில் கையைக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.