ஆமைத் தொட்டியில் யாரை விடுவது

செங்கல்பட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த என் நாத்தனார், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை எங்களோடு இருக்க வந்தாள். கூடவே ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட ஆமையும் வந்தன. கழுத்தை நீட்டி அது பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவள் முதல் நாளே கவனித்துவிட்டாள்.

ஆமை தனியாகக் கிடக்கிறது, துணைக்கு மீன் விடலாம் என்றாள். பஜாரில் இருந்த வளர்ப்பு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் எதைக் கேட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார். தங்கமீன் மெதுவாக நீந்தும், ஆமை தின்றுவிடும், தின்றால் அதற்கும் ஆகாது என்று இவள் மறுத்தாள். வேகமாக ஓடும் கப்பி மீன்களை எடுத்தோம். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று ஒரு கறுப்புச் சக்கர் மீனையும் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டினார். வயிற்றுப் பக்கம் வாய் வைத்துக்கொண்டிருக்கிற மீனை எப்படி நம்புவது?

கப்பிகள் ஒன்றிரண்டு காணாமல் போயின. அது ஆமையின் வேலைதான். ஆனால் கொஞ்ச நாளில் ஆமையே சாப்பிடாமல் சுருண்டது. ஓட்டில் வெளிறிய திட்டுகள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் கணவர் வாங்கிவந்த சென்னாக்குனியை, அந்தப் பொடி இறால் கருவாட்டை, நான் அதற்குப் போட்டு வந்தேன். நாத்தனார் அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, என் எதிரிலேயே குப்பையில் கொட்டினாள்.

"தண்ணியில இன்னாத்தையாவது ஊத்துனீங்களா அண்ணி?"

"நான் எதுக்கும்மா ஊத்தப் போறேன்?"

"உங்களுக்குத்தான் அதைக் கண்டாலே ஆவாதே."

ஆமைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி என்மேல்தான்.

மறுநாள் அவள் நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கினாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். வெளிச்சம் குறைந்ததும் கல்லுக்குப் பின்னாலிருந்து சக்கர் மீன் வந்தது. நேராக ஆமையின் முதுகில் ஏறி வாயைப் பதித்தது. ஆமை உதறியது, கல்லில் உரசியது. மீன் விடவில்லை.

அவளை எழுப்பினேன். வந்து பார்த்தாள். பிறகு வலையால் மீனை எடுத்தாள். அது ஒட்டியிருந்த இடம்தான் வெளுத்திருந்தது.

கொளவாய் ஏரியில் விட்டுவிடலாம் என்றார் என் கணவர். அங்கே பெருகி மற்ற மீன்களை அழித்துவிடும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். நாங்கள்தான் மீனை ஏதோ செய்துவிட்டோம் என்பதுபோல் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மிச்சமிருந்த கப்பிகள் ஒளிந்துகொள்ள ஓட்டைகள் உள்ள கூடை ஒன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்தோம். ஆமை மெல்லத் தேறியது. நாத்தனார் என்னிடம் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. ஆனால் அடுத்த நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது, ஆமைக்குத் தீனி போடும் வேலையை என்னிடமே விட்டுப் போனாள்.