ஜன்னலோரத்தில் ஒரு கர்ச்சீப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறேகாலிலிருந்து ஏழு மணிக்குள் நடந்தது. நம்பாதவர்கள் என் மனைவி கார்த்திகாவைக் கேட்டுக்கொள்ளலாம். பாதியை அவளும் பார்த்தாள். மீதியை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்று படித்தால் உங்களுக்கே தெரியும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். வீடு ஆவடியில். பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் இருபது நிமிடத்தில் வீடு. அந்த இருபது நிமிடத்துக்கும் எனக்கு ஜன்னல் சீட் வேண்டும். சீட் பிடிப்பதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. 6.31க்கு ரயில் வந்து நின்றது. எனக்கு முன்னால் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். ஜன்னல் சீட் ஒன்று காலியானதைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்தே கம்பி வழியாகத் தன் கர்ச்சீப்பைப் போட்டார். நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப். போட்டால் இடம் அவருடையது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் நொண்டி நொண்டிக் கதவுக்கு வருவதற்குள் நான் ஏறிவிட்டேன். கர்ச்சீப்பை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கையில் லேத் கிரீஸ் இருந்தது. கர்ச்சீப்பின் மூலையில் என் கட்டைவிரல் கருப்பாகப் பதிந்தது.

அவர் வந்தார். பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"பரவால்ல, உக்காருங்க சார். நான் நின்னுக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போனை நோண்ட ஆரம்பித்தேன். திருமுல்லைவாயல் தாண்டி, அன்னனூருக்குக் கொஞ்சம் முன்னால், கதவருகே கூச்சல். மணி 6.42.

"யோவ், ஆளு வுழுந்துட்டாருயா..."

அன்னனூரில் பலர் இறங்கி ஓடினார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் பெயர் என்ன, பிழைத்தாரா, எதையும் நான் விசாரிக்கவில்லை. பயம். ஆவடியில் இறங்கும்போது அந்தக் கர்ச்சீப் சீட் இடுக்கில் கிடந்தது. எடுத்து வந்து கம்பெனி லாக்கரில், துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. யாரிடமும் சொல்ல தைரியமும் வரவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் கிடையாது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் கல்யாண நாள். முத்தாபுதுப்பேட்டை தாண்டி ஏரிக்கரையில் வெள்ளைக்காரன் காலத்து லாட்ஜ் ஒன்று இருக்கிறது. ஏரியில் வாத்து சுட வந்த துரைமார் தங்கின இடமாம். இப்போது ரெஸ்டாரன்ட். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். கார்த்திகா ஆறு மாதமாக நச்சரித்த இடம்.

உள்ளே நுழைந்தபோது மணி 6.15. நல்ல கூட்டம். கடைசியில் ஒரே ஒரு ஜன்னல் டேபிள் காலியாக இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் மட்டும் ஒரு கர்ச்சீப் விரித்திருந்தது.

"இன்னாங்க இது, எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல சீட்டு போட்டா மாரி கீது" என்று கார்த்திகா சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பழக்கம் விடுமா? சுற்றிப் பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் ஏரியில் இருந்ததால் அதன் நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. தொட்டபோது சில்லென்று இருந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

6.20க்கு சர்வர் வந்தார். வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. சூப்பும் மீன் வறுவலும் சொன்னோம். தலையாட்டிவிட்டுப் போனார்.

"அந்த அண்ணனுக்குக் கால் வலி போல. நொண்டிக்கினே போறாரு, பாவம்" என்றாள் கார்த்திகா.

உலகத்தில் ஒருவர்தானா நொண்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6.31. சூப் வந்தது. அதே நேரம் தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டது. தண்டவாளம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். டம்ளரில் தண்ணீர் மெல்ல நடுங்கியது. டடக்... டடக்... டடக்... கார்த்திகா ஏரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சர்வர் எங்கள் டேபிளை விட்டுப் போகவில்லை. பக்கத்து மரத்தூணை ஒரு கையால் உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். லேசாக ஆடிக்கொண்டே நின்றார். சட்டை படபடத்தது. தலைமுடி பின்னால் பறந்தது.

ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்கு மட்டும் எங்கேர்ந்துங்க காத்து வருது?" என்று கார்த்திகா மெதுவாகக் கேட்டாள்.

நான் குனிந்து சூப்பைக் கலக்க ஆரம்பித்தேன்.

6.38. கார்த்திகா கை கழுவப் போனாள்.

சூரியன் இறங்கிவிட்டது. ஏரி இருட்டியது. கண்ணாடியில் இப்போது உள்ளே இருப்பதுதான் தெரிந்தது. டேபிள் தெரிந்தது. நான் தெரிந்தேன். தூணைப் பிடித்தபடி அவர் தெரிந்தார்.

அவருக்குப் பின்னால் சாப்பாட்டு ஹால் தெரியவில்லை. இருட்டுதான் தெரிந்தது. அதில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடின...

டடக்... டடக்...

திரும்பினேன்.

"அண்ணே... நீங்க உக்காருங்க."

"பரவால்ல, உக்காருங்க சார். நான் நின்னுக்கிறேன்."

அதே குரல்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "மன்னிச்சிடுங்கண்ணே. இது உங்க எடம்."

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"டைம் ஆயிடுச்சி சார்."

டேபிளில் கிடந்த என் போனில் மணி... 6.42.

தூணிலிருந்து கையை விட்டார்.

தட்.

அங்கே யாரும் இல்லை.

"இன்னாங்க, நின்னுகினு கீறீங்க? முகம் ஒரு மாரி கீது?" கார்த்திகா திரும்பி வந்திருந்தாள். தலைசுற்றல் என்று சொல்லிக் கிளம்பினோம். அவளை வண்டிக்கு அனுப்பிவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். அங்கே சரண் என்று பேர் குத்தியிருந்த பையன் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கம் ஒரு கால் நொண்டுகிற சர்வர் யார் என்று கேட்டேன்.

அவன் எழுதுவதை நிறுத்தினான்.

"லோகநாதன் அண்ணனைக் கேக்குறீங்களா? அவரு போயி அஞ்சு மாசம் ஆவுது சார். ட்ரெய்ன்லேர்ந்து வுழுந்துட்டாரு."

"வேலைக்கு வரும்போதா?"

"இல்ல சார். அன்னிக்கு அவருக்கு லீவு. பொண்ணுக்குப் பொறந்த நாளு. பதினோரு வருசம் அந்த ஜன்னலாண்ட நின்னுகினே பரிமாறினவரு. ஒரு தபா கூட அங்க உக்காந்து சாப்ட்டது இல்ல. அன்னிக்குத்தான் அந்த டேபிள சொல்லிவெச்சிட்டு, பொண்ணையும் அவங்கம்மாவையும் மொதல்லயே அனுப்பிவெச்சாரு. அந்தப் பொண்ணு ஜன்னலோரம் கர்ச்சீப்பப் போட்டுட்டு, எங்கப்பா வருவாரு, யாரும் உக்காராதீங்கன்னு எட்டு மணி வரிக்கும் குந்திகினு இருந்துச்சி சார்."

திரும்பி ஓடிப் பார்த்தேன். ஜன்னல் திட்டில் கர்ச்சீப் இல்லை. நாற்காலியிலும் இல்லை.

திங்கள்கிழமை காலை முதல் வேலையாக என் லாக்கரைத் திறந்தேன். பூட்டு பூட்டினபடி இருந்தது. துணிக்கு அடியில் ஒன்றும் இல்லை.

சரணிடம் லோகநாதன் வீட்டு விலாசமும் அவர் பெண்ணின் பேரும் கேட்டு வாங்கியிருந்தேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான். இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் தட்டினேன். பதினைந்து வயதுப் பெண் திறந்தாள். திவ்யா. அப்பாவுக்குத் தெரிந்தவன் என்று மட்டும் வாயில் வந்தது.

"உள்ள வாங்க அங்கிள். உக்காருங்க."

அவள் அப்பா படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன்மேல் விரித்திருந்த கர்ச்சீப்பை எடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்.

"அப்பாவோடது. எங்கியோ தொலஞ்சி போச்சின்னு நெனச்சினு இருந்தோம். போன சனிக்கெழம ராத்திரி வாசல்ல கெடந்துச்சி."

நான் உட்காரவில்லை.

"எவ்ளோ தொவச்சும் மூலைல இந்தக் கறை மட்டும் போவல அங்கிள்" என்று விரித்துக் காட்டினாள். "யாரு கையோ தெரியல."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.